தேம்ஸ் கரைப் புத்தரும் எங்கள் வீட்டு எள்ளுப் போத்தலும்

தொண்ணூறுகளில் இரண்டு தடவை ஜப்பானுக்குப் போய் வந்திருக்கிறேன். கியோட்டோவில் மரத்தாலேயே எழுப்பிய பழைய கோயில்கள், நாராவில் மான்கள் உலாவும் கோயில் வீதி, சிவப்பு வாசல்களை வரிசையாக நட்டுவைத்த மலைப்பாதை எல்லாம் பார்த்தாயிற்று. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று தோர்ண்டன் ஹீத்தில் என் கூட்டாளிகள் இன்றைக்கும் கேட்பார்கள். பக்தியால் என்று நினைத்தால் பிழை. சந்தேகத்தால் பிடித்தது. என் வாழ்நாளில் நான் பார்த்த முதலாவது ஜப்பானியக் கோயில் லண்டனில்தான் இருந்தது. அங்கே நான் கும்பிடப் போகவில்லை. என் அப்பாவைக் களவாகப் பின்தொடர்ந்து போய் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். காலையில் பால்காரன் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பேன். எண்பதுகளில் அந்தக் குணத்துக்கே எனக்கு வேலையும் கிடைத்தது. குரொய்டனில் ஒரு பெரிய கடையில், வாடிக்கையாளர் மாதிரிக் கோட்டும் கைப்பையுமாகச் சுற்றித் திரிந்து களவெடுப்பவர்களைப் பிடிக்க வேண்டும். எண்ணெய் வைத்துத் தலை பின்னி, கோட்டுக்குக் கீழே சேலை தெரிய நிற்கிற ஒரு தமிழ்ப் பொம்பிளை கள்ளன் பிடிக்க நிற்கிறாள் என்று எந்தக் கள்ளன் நினைப்பான்? நான் நன்றாகவே பிடித்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் சொல்லித் தந்தது ஒன்றுதான். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்றார்.

அப்பாவும் அம்மாவும் எங்களிடம் வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். அவர்களோடு வந்திருக்க வேண்டிய என் தம்பி வரவில்லை. கொழும்புக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அவனை இறக்கிக்கொண்டு போனார்கள். அது ஒரு புதன்கிழமை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அந்தச் சாவடிக்குப் போய் நாட்கணக்காக வெயிலில் நின்றிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு அரசமரம், அதன்கீழ் புதிதாக வைத்த ஒரு புத்தர் சிலை. உள்ளே விடாததால் அந்தப் புத்தருக்கு முன்னால்தான் அம்மா குந்தியிருந்தாராம். "கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், கடைசி வரைக்கும் திறக்கேல்லை," என்று அம்மா சொல்லுவார். சொல்லும்போது பல்லைக் கடிப்பார்.

லண்டனில் அம்மாவின் சீவியம் முழுவதும் தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் போனது. அது அடித்தால் சமையலறையிலிருந்து ஓடி வருவார். தம்பிக்கென்று ஒரு தடித்த கம்பளிச் சட்டை வாங்கி அலுமாரியில் வைத்திருந்தார். "குளிர் தெரியாத பிள்ளை, வந்த உடன போட வேணுமெல்லே," என்பார். அவன் வரமாட்டான் என்ற எண்ணத்தை அந்த வீட்டுக்குள் ஒருவரும் வாயால் சொல்லக் கூடாது. என் கணவர் ஒருமுறை இழுத்து இழுத்துச் சொல்லப் பார்த்தார். அம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

பற்றர்சீ பார்க்கில் ஜப்பான் பிக்குகள் ஒரு பெரிய புத்த கோபுரம் கட்டியிருக்கிறார்கள், உலக சமாதானத்துக்காம் என்று எங்கள் ஆட்கள் நடுவில் அப்போது ஒரே கதை. கிங்ஸ்பரியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு அண்ணை கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "பாத்துக்கொண்டிருங்கோ. இண்டைக்குத் தேம்ஸ் கரையில விகாரை. நாளைக்கு இது எங்கட காணி எண்டு சொல்லுவாங்கள்." எல்லாரும் சிரித்தோம். சிரித்தாலும் எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஜப்பான் புத்தர் வேறு, எங்கள் சாவடிப் புத்தர் வேறு என்று பிரித்துப் பார்க்க அப்போது யாருக்குப் பொறுமை இருந்தது? எனக்கு இருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அப்பா மாறத் தொடங்கினார்.

முதலில் தாடி. நாள் தவறாமல் சவரம் செய்கிற மனிதர், தாடியை விட்டுவிட்டார். பிறகு மச்சம் தின்பதை நிறுத்தினார். மீன் இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைக்கிற ஆள், பருப்பையும் கீரையையும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழும்பினார். கேட்டால், "வயித்துக்கு ஒத்துவரேல்லை," என்று பூசி மெழுகினார். புதன்கிழமைகளில் காலைச் சாப்பாட்டோடு வெளிக்கிட்டுப் பின்னேரம்தான் வருவார். எங்கே என்று கேட்டால் நூலகத்துக்கு, பேப்பர் பார்க்க. கோட்டைக் கழற்றும்போது ஒரு வாசனை வரும். எங்கள் ஊதுபத்தி வாசனை இல்லை. ஏதோ மரப்பட்டை எரிந்த மாதிரி. ஒருநாள் கோட்டுப் பையில் தோடம்பழத் தோல், ஆரஞ்சு மணம் மாறாமல் கிடந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கிழமை தோடம்பழமே வாங்கவில்லை.

"ஆர் உரிச்சுக் குடுக்கினமோ!" என்றார் அம்மா.

"அம்மா, இந்த வயதிலயோ?"

"வயதென்ன வயது. உனக்கு உன்ர அப்பரைத் தெரியாது."

இன்னொன்றும் நடந்தது. சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எரிப்பதற்காக அம்மா ஒரு போத்தலில் கறுத்த எள்ளு வைத்திருந்தார். அது தன்பாட்டில் குறைந்துகொண்டே வந்தது. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். எங்கள் தொழிலில் குறைகிற சாமான்தானே கண்ணில் படும். அம்மாவிடம் காட்டினேன். அம்மா போத்தலைப் பார்த்தார், மூடியை இறுக்கினார். "எலி திண்டிருக்கும்," என்றார். மூடி போட்ட போத்தலைத் திறந்து தின்றுவிட்டுத் திரும்பவும் மூடி வைக்கிற எலியை நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்கு வரவர விசர் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் விட்டேன்.

ஒரு புதன்கிழமை எனக்கு லீவு. பஸ்ஸில் போகும்போது நூலகத்து வாசலைப் பார்த்தேன். கதவு பூட்டி, புதன்கிழமைகளில் திறப்பதில்லை என்று எழுதியும் இருந்தது. எனக்கு ஏறியது பார் ஒரு கோபம்! ஊர்க் கள்ளரையெல்லாம் பிடிக்கிறவளின் வீட்டுக்குள்ளேயே இப்படியொரு புளுகா?

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியும்," என்றார். "கொப்பர் புத்தரோட சேர்ந்திட்டார்."

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"மச்சம் இல்லை. வேற ஊதுபத்தி மணக்குது. அந்தப் பார்க்கில இருக்கிற மொட்டையள் ஆளை மடக்கிப்போட்டினம். பாத்துக்கொண்டிரு, ஒருநாள் காவித் துண்டோட வந்து நிப்பார்."

"அப்ப தாடி? மொட்டையெல்லே அடிக்க வேணும்?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி," என்று அம்மா சீறினார். கத்தி பலகையில் படார் படார் என்று விழுந்தது. என் பிள்ளையைப் பறித்தவர்களின் சாமியிடம் போகிறார், போகட்டும், போகட்டும் என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். தம்பியை நினைத்தால் அப்பாவால் இதை எப்படிச் செய்ய முடிகிறது? சீ, என்ன மனுஷன் என்று என் அப்பாவை நான் மனதுக்குள் ஏசியது அன்றைக்குத்தான்.

அடுத்த புதன்கிழமை சுகமில்லை என்று கடைக்குப் போன் பண்ணிவிட்டு அவருக்குப் பின்னால் வெளிக்கிட்டேன். விக்டோரியா ரயிலில் அவர் ஏறினார், நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். பற்றர்சீ பார்க் ஸ்டேஷனில் இறங்கினார். அம்மா சொன்னது சரிதான், கடவுளே! பார்க் வாசலுக்குள் அவர் வழி கேட்காமல் நேரே நடந்தார். தன் வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார்.

கோபுரம் ஆற்றங்கரையோரம் நின்றது. இரண்டு அடுக்குக் கூரை, கூரை மூலைகளில் மணிகள், காற்றுக்கு மெல்லிய சத்தம். நாலு திசைக்கும் நாலு பொன் நிறப் புத்தர்கள். ஒன்றில் குழந்தையாய் நிற்கிறார், ஒன்றில் தியானத்தில், ஒன்றில் போதிக்கிறார், ஒன்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். ஒரு ஜப்பான் பிக்குணி, மொட்டைத் தலையோடு, விசிறி மாதிரி ஒரு கைப்பறையை டம் டம் என்று தட்டியபடி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சுற்றி வந்தார். அப்பாவைக் கண்டதும் குனிந்து வணங்கினார். அப்பாவும் குனிந்தார். ஆகா, இவ்வளவு பழக்கமோ! பிக்குணி ஒரு சின்னத் தோடம்பழத்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். தோல் விஷயம் அங்கே தீர்ந்தது.

மரத்துக்குப் பின்னால் நின்று நான் உண்டியலைத் தேடினேன். காசு கறக்கிறார்களோ, கையொப்பம் வாங்குகிறார்களோ, காணி எழுதி வாங்குகிறார்களோ என்று என் புத்தி ஓடியது. ஒன்றும் இல்லை. அப்பா படுத்திருக்கும் புத்தருக்கு முன்னால் போய்த் தோடம்பழத்தை வைத்தார். கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஏதோ கதைத்தார், கதைத்து முடித்துத் தலையைக் குனிந்து நின்றார். பிறகு ஆற்றோரக் கம்பியடிக்குப் போனார்.

கோட்டுப் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு சின்னப் பொட்டலமும் வெளியே வந்தன. நான் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்க தோஷம், கையைத்தான் பார்த்தேன். பொட்டலத்திலிருந்த கறுத்த எள்ளை வலது உள்ளங்கையில் கொட்டினார். இடது கையால் அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். ஊற்றிய தண்ணீரை விரல் நுனி வழியாக விடவில்லை. கையைச் சரித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் தேம்ஸுக்குள் இறைத்தார்.

சாமிக்கு விடுகிற தண்ணீர் விரல் நுனியால் போகும். பெருவிரல் பக்கத்தால் போகிற தண்ணீர் செத்தவர்களுக்கு மட்டும்தான்.

அப்பப்பாவின் திதியும் அப்பாச்சியின் திதியும் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அது அவர்களுடைய நாள் இல்லை. அது தம்பியைக் கொண்டுபோன புதன்கிழமை. தாடி, மச்சம், எள்ளு, புதன்கிழமை. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த துடக்கு வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரைக்கும் ஆண்கள் சவரம் செய்ய மாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கண்ணுக்கு முன்னாலேயே எல்லாம் கிடந்திருக்கிறது. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"அப்பா!"

திரும்பினார். என்னைக் கண்டதும் ஈரக் கையைக் கோட்டில் துடைத்தார், கள்ளச் சாமானோடு பிடிபட்டவர் மாதிரி.

"தம்பியோ, அப்பா?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். பறைச் சத்தம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னார். ஹவுன்ஸ்லோவில் ஒரு கலியாண வீட்டில் ஒரு பெடியன் அவரைத் தனியே கூப்பிட்டிருக்கிறான். தம்பியோடு ஒன்றாய்ப் பிடித்து வைக்கப்பட்டு, பிறகு வெளியே வந்தவன். தம்பி செத்துக் கிடந்ததைக் கண்ணால் கண்டவன்.

"நான் முதல் நம்பேல்லை, பிள்ளை. ஆளை மாறிச் சொல்லுறான் எண்டுதான் நினைச்சன். அவன் தம்பியின்ர கணுக்கால் தழும்பைச் சொன்னவன். சைக்கிள் செயின் கிழிச்ச தழும்பு."

"அம்மாவுக்குச் சொல்ல வேணுமெல்லே, அப்பா?"

"சொன்னால் கொம்மா உயிரோட இருக்கமாட்டா. அந்தச் சட்டையை நீ பாக்கேல்லையே?" கண்ணைத் துடைத்தார். "பிள்ளை, இதைச் சொல்லிப்போடாதை."

"அதுக்கு ஏன் அப்பா இந்த இடம்? எங்களுக்குக் கோயில் இல்லையோ?"

"கோயில்ல நான் கண்ணைத் துடைச்சால் பத்துப் பேர் என்ன ஏதெண்டு கேப்பினம். பின்னேரத்துக்குள்ள கொம்மாவின்ர காதில விழும். டூட்டிங் போனாலும் எங்கட சனம், ஈஸ்ட் ஹாம் போனாலும் எங்கட சனம். லண்டன் முழுக்கத் தேடிப் பாத்தன். இஞ்சதான் ஒரு தமிழனும் காலடி வைக்கமாட்டான்."

"புத்தரிட்ட என்ன கதைக்கிறனீங்கள்?"

"ஏசுறன்," என்றார் அப்பா. "நல்லாத் தூசணத்தாலயும் ஏசிப்போட்டன். அந்தப் பிக்குணி அம்மா நான் மந்திரம் சொல்லுறன் எண்டு நினைச்சுக்கொண்டு பறை தட்டுறா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. "அந்தியேட்டி செய்யேலாது. ஊர் அறியச் செய்யாமல் தாடியை எப்பிடி வழிக்கிறது?" என்று அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு துடக்கு தொடங்கி, முடியவும் வழியில்லாமல் இவருடைய முகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பிக்குணி வந்து எனக்கும் ஒரு தோடம்பழம் தந்தார். என்ன எதிர்பார்த்துத் தருகிறார் என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தேன். குணம் போகுமா?

அதற்குப் பிறகு வீட்டில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. தொலைபேசி அடிக்க அம்மா ஓடிவரும்போது நான் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவேன். மீன் குழம்பை நான் தொடவில்லை. ஒருநாள் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அம்மா அகப்பையோடு வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"நீயும் சேர்ந்திட்டியோ?"

"எதிலயம்மா?"

"கொப்பர் சேர்ந்ததில."

அம்மா வெகுநேரம் என்னையே பார்த்தார். என் முகத்தைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். சாப்பிடாமல் சோற்றுக்குள் சும்மா கிடந்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை அப்பா கோட்டைப் போடும்போது அம்மாவும் தன் கோட்டோடும் கைப்பையோடும் வாசலுக்கு வந்துவிட்டார். "நானும் வாறன். உந்தப் புத்தரை நானும் ஒருக்காப் பாக்க வேணும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். "மழை வரும், நீர் நில்லும்," என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா மசியவில்லை. மூன்று பேரும் ரயில் ஏறினோம். இன்றைக்கு இந்த மனுஷி அங்கேயே விழுந்து செத்துவிடக் கூடாது என்று நான் தெய்வங்களையெல்லாம் நேர்ந்துகொண்டு போனேன்.

கோபுரத்தைக் கண்டதும் அம்மா படியேறினார். பிக்குணி குனிந்து வணங்க, அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. குழந்தைப் புத்தரைப் பார்த்தார். தியானப் புத்தரைப் பார்த்தார். "இஞ்சயும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறீர்," என்று உரக்கச் சொன்னார். பறைச் சத்தம் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கியது. போதிக்கிற புத்தரையும் தாண்டிப் படுத்திருக்கிற புத்தருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவர் ஏன் படுத்திருக்கிறார்?"

நான்தான் சொன்னேன். "இது அவர் சாகிற நேரம், அம்மா."

அம்மா அந்தக் குளிர்ந்த கல்லில் குந்தினார். கூரை மணிகள் ஆடின. அம்மா அழுவார் என்று காத்திருந்தேன். அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தார். கறுத்த எள்ளு.

"எலியெண்டு சொன்னனீங்கள்..." என்றேன்.

"தாடி வளக்கிறதும் மச்சம் விடுறதும் எள்ளுக் குறையிறதும் என்னெண்டு எனக்குத் தெரியாதோ, பிள்ளை?" என்றார் அம்மா. "ஆனால் கொப்பர் புத்தரோட சேர்ந்திட்டார் எண்டு நான் நினைக்கிற வரைக்கும் என்ர பிள்ளை உயிரோட இருந்தவன்."

அப்பா ஓவென்று அழுதார். அப்படி அவர் அழுது நான் கண்டதில்லை. அம்மா எழும்பி, அவருடைய கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் நடந்தார். பொட்டலத்தைப் பிரித்து எள்ளைத் தன் உள்ளங்கையில் கொட்டினார்.

"இஞ்சாரும், பொம்பிளையள் உது செய்யிறேல்லை," என்றார் அப்பா அழுகைக்கு நடுவில்.

"இஞ்ச எந்தத் தமிழன் நிண்டு பாக்கிறான்?" என்றார் அம்மா.

கையைச் சரித்தார். தம்பியின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, பெருவிரல் பக்கத்தால் தண்ணீரை விட்டார். எள்ளு ஒவ்வொன்றாய் ஒட்டி ஒட்டி விழுந்தது. கடைசியாய் ஒட்டியிருந்ததையும் தட்டி விழுத்திவிட்டு, போத்தலை மூடி அப்பாவிடம் கொடுத்தார்.

"போதும். இனி வீட்டை போய் அந்தத் தாடியை வழியுங்கோ."